வெறும் ப்ளாஷ்

முதலில் கேட்டது சத்தம்தான். எலுமிச்சை மண்டிகளில் ஏலம் முடிந்து, மூட்டைகள் லாரி ஏறி, புளியங்குடி மேலக் கடைத்தெரு கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலைப் பத்து மணிக்கு, இன்னும் ஷட்டர் தூக்காத ஒளிமதி ஸ்டுடியோவுக்குள்ளிருந்து 'ஙீ...' என்று மெல்லத் தொடங்கி, காதருகே கொசு வருவதுபோல ஏறி, ஏறி, உச்சியில் போய் நின்றுகொண்டது அது. ப்ளாஷ் கன்னுக்குச் சார்ஜ் ஏறும் சத்தம். ஊரில் அதைத் தெரியாத காது கிடையாது. அது கேட்டால் கை தானாகத் தலையைக் கோதும், வயிறு தானாக உள்ளே போகும், பாகப்பிரிவினைக்காக முறைத்துக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பிகூடத் தோளோடு தோள் ஒட்டிக்கொள்வார்கள். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த காஜா மைதீன், டீயை அந்தரத்தில் நிறுத்தி, யாரும் இல்லாத தெருவைப் பார்த்து அழகாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தார்.

சாவிக்கொத்தோடு வந்த ஆவுடைநாயகமும் யோசித்தார். ஐம்பது வயது அவருக்கு. அதில் இருபத்தோரு வருஷத்தைக் கல்யாண வீடுகளில் நின்றுகொண்டே கழித்தவர். அந்த ப்ளாஷ் கன்னைப் போன வாரம்தான் மேஜை இழுப்பறையில் போட்டு மூடி, அதிலிருந்த நாலு செல்லில் ரெண்டைச் சுவர்க்கடிகாரத்துக்கும் ரெண்டை டார்ச் லைட்டுக்கும் மாற்றியிருந்தார். ஷட்டரைத் தூக்கி, இழுப்பறையைத் திறந்து பார்த்தார். செல் இல்லாத ப்ளாஷ் கன் கத்திக்கொண்டு கிடந்தது. சரி, கத்தட்டும் என்று மூடிவிட்டு ஊதுபத்தி கொளுத்தினார்.

பின்னாலேயே அவர் மனைவி பரமகல்யாணி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை நாலு நாலாகக் கத்தரிக்க ஆரம்பித்தாள். கேமராவில் ரோல் லோடு பண்ணுவது, கவரில் பெயர் எழுதுவது, வரவு செலவு பார்ப்பது எல்லாம் அவள். படம் எடுப்பது மட்டும் அவர். டிஜிட்டல் கேமராவுக்கு மாறியதும் அவள் முடிவுதான். ஆடி மாதம் வேலையில்லாத ஒரு மத்தியானம் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.

"ஒரு கல்யாணத்துக்கு மூணு ரோல். ரோலு, கழுவ, பிரிண்டு, திருநெல்வேலி லேபுக்குப் போய்வர பஸ்சு. ரெண்டாயிரத்து ஐந்நூறு வாங்குதிய, கையில நிக்கது எழுநூறு. அதுலயும் பொண்ணோட சித்தப்பா கண்ண மூடிட்டாருன்னு நூறு ரூவா பிடிச்சிக்கிடுதாங்க. டிஜிட்டல்ல கண்ண மூடுனா இன்னொண்ணு எடுத்துட்டுப் போறோம். ஆயிரம் எடுத்தாலும் அமுக்குத விரலுக்குத்தான் வலி."

அறுபதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டைப் பதினோராயிரம் தள்ளி எடுத்து, கேமராவும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டாள். ஆவணி இருபத்தேழாம் தேதி மண்டி திரவியம் அண்ணாச்சி மகள் கல்யாணம். அந்த ஒரு ஆர்டர் நல்லபடியாக முடிந்தால் மண்டிக்காரர்கள் வீட்டு விசேஷம் அத்தனையும் இந்தக் கடைப்படி ஏறும், சீட்டு தானாக அடையும். சொதப்பினால் கேமராவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, மீதிச் சீட்டைக் கல்யாணி தலையில் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். அன்றைக்கு ஆவணி பதினொன்று.

ஆவுடைநாயகம் புதுக் கேமராவை எடுத்து, கடைக்குள் எதிரே இருந்த பச்சைச் சுவரைப் பார்த்து ஒரு தடவை அமுக்கினார். பின்பக்கத்துச் சின்னத் திரையில் சுவர் வரவில்லை. கையில் பாதி நறுக்கிய பூசணிக்காயோடு, ரெட்டைச் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இது நம்ம முப்பிடாதில்லா!" என்றாள் கல்யாணி, கத்தரியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்து.

முப்பிடாதிதான். கல்யாண வீடுகளுக்குக் காய்கறி நறுக்கப் போகிற முப்பிடாதி. ஆனால் இருபத்தோரு வருஷத்துக்கு முந்திய முப்பிடாதி. அந்தப் படத்தை ஆவுடைநாயகம் எடுத்ததே இல்லை. எடுக்கவில்லை என்பதுதான் அவருக்கு ரொம்ப நன்றாக ஞாபகம் இருந்தது.

பிலிம் காலத்துக் கஷ்டம் அது. ரோலில் இருப்பது முப்பத்தாறு. தாலி கட்டு, அம்மி மிதிப்பு, மாலை மாற்று என்று விழவேண்டியவை விழுந்தாக வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் கேமராவைப் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? 'அண்ணாச்சி, எங்களையும் ஒண்ணு' என்று நாதஸ்வரக்காரர் வருவார், பந்தி பரிமாறுகிறவர் வாளியோடு வருவார், மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட மச்சான் குடும்பத்தோடு வருவார். மாட்டேன் என்றால் மனசு கோணும். எடுத்தால் கைக்காசு போகும். அதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. எல்லோரும் செய்வார்கள், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ப்ளாஷ் கன்னின் முதுகில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் பளீரென்று அடிக்கும், கேமரா பாட்டுக்குத் தூங்கும். கேமராவின் 'டக்' சத்தத்தை ஆவுடைநாயகம் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். வெறும் ப்ளாஷ் என்று அதற்குப் பெயர். ஆளுக்கொரு வெறும் ப்ளாஷ் வாங்கிக்கொண்டு மனம் நிறைந்து போவார்கள். பின்னால் ஒருநாள் வந்து படம் எங்கே என்று கேட்டால், 'கழுவும்போது வெளிச்சம் பட்டுட்டு' என்று ஒரு வார்த்தை. அத்தோடு முடிந்தது என்றுதான் இருபத்தோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி அமுக்கினார். வாளியும் கையுமாகப் பந்தி பரிமாறுகிறவர். மறுபடி அமுக்கினார். நாதஸ்வரக்காரர், சீவாளியை வாயில் வைத்தபடி. எந்தப் பக்கம் திருப்பி அமுக்கினாலும், லென்ஸை மூடியே வைத்து அமுக்கினாலும், எடுக்காத படம் ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல், தேதி தப்பாமல், அத்தனை தெளிவாக வந்து விழுந்தது.

காஜா மைதீன் டீ டம்ளரோடு வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய் முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பிடாதி கம்ப்யூட்டர் திரைக்கு மூக்கு முட்டும் தூரத்தில் நின்று தன் சடையையும் பூசணிக்காயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, வெளிச்சம் பட்டுட்டுன்னிய. இப்ப அந்த வெளிச்சம் போயிட்டா?"

"போயிட்டு போலுக்கு" என்றார் ஆவுடைநாயகம், வேறென்ன சொல்ல.

"இருபத்தோரு வருசமா கழுவிருக்காங்க" என்றார் காஜா மைதீன். "அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு படம்."

ஊர் அந்த விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. லேபில் கொஞ்சம் தாமதம், வந்துவிட்டது, போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மறுநாள் காலை ஏலம் முடிந்த கையோடு ஸ்டுடியோ வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். படங்கள் வருஷ வரிசையில் வருகின்றன என்று தெரிந்ததும், யார் வீட்டுக் கல்யாணம் எந்த மாதம் என்று ஊரே மூளையைக் கசக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காஜா மைதீன் தன் கடை சிலேட்டில் 'வடை சூடாக உள்ளது' என்பதை அழித்துவிட்டு, 'இன்று எண்பத்தேழு தை முதல் வைகாசி வரை' என்று எழுதி வைத்தார். தொண்ணூறில் கல்யாணத்துக்கு வந்து போனவர்களுக்கு ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் போன் பறந்தது; வியாழக்கிழமை வந்தால் போதும், அதற்குள் வந்து கூட்டம் போடாதீர்கள் என்று. ஆவுடைநாயகம் நடுவில் உட்கார்ந்து, பச்சைச் சுவரைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருந்தார். கார்டு நிரம்பினால் கல்யாணி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தந்தாள். இழுப்பறைக்குள் ப்ளாஷ் கன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் அதைக் கேட்டு நாள் முழுக்க வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது.

கல்யாணி பிரிண்டு ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். ஒருத்தரும் பேரம் பேசவில்லை. தன் தலையில் அத்தனை முடியைப் பார்த்தவர் ரெண்டு பிரிண்டு வாங்கிப்போனார். தான் ஒல்லியாக இருந்த காலம் ஒன்று உண்டு என்று மருமகளிடம் சாதித்துக்கொண்டிருந்த அம்மாள் பெரிய சைஸில் கேட்டாள். சண்டை போட்டுப் பதினைந்து வருஷம் பேசாமல் இருந்த நாதஸ்வரமும் தவிலும் ஒரே படத்தில் ஒரே வெற்றிலைத் தட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்; அந்தப் படத்தை யார் வாங்குவது என்று மறுபடி சண்டை வந்து, அந்தச் சாக்கில் பேச்சும் வந்துவிட்டது. ஆறு நாளில் சீட்டுக்கு ரெண்டு தவணை கட்டும் அளவு சேர்ந்திருந்தது. "எடுத்த படத்துல சம்பாதிக்காத காசு எடுக்காத படத்துல வருதே" என்று கல்யாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, ஆவுடைநாயகத்தின் விரல் ஒரு நொடி நின்று, பின் அமுக்கியது. எடுக்காத படம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் தீபாவளிப் பேச்சு வரும்.

அவர் பயமெல்லாம் அந்தத் தீபாவளிதான். எண்பத்தாறு ஆவணியில் அவருக்குக் கல்யாணம். அந்த ஐப்பசியில் தலைத் தீபாவளிக்கு அரக்குக் கலர் பட்டுடுத்தி, கனகாம்பரம் வைத்து, 'என்னய ஒண்ணு எடுங்க' என்று கல்யாணி இதே பச்சைச் சுவரில் சாய்ந்து நின்றாள். ரோலில் மீதி இருந்தது ரெண்டே ரெண்டு. மறுநாள் ஒரு சடங்கு வீடு. ஆவுடைநாயகம் டெஸ்ட் பட்டனை அமுக்கி, நாக்கால் ஒரு 'டக்' போட்டார். அப்புறம் வருஷா வருஷம் அவள் வந்து நின்றாள். வருஷா வருஷம் அவர் நாக்கால் எடுத்தார். கழுவும்போது வெளிச்சம் பட்டுவிட்டது என்று அவளிடமும் சொன்னார். போட்டோக்காரன் வீட்டில், கல்யாணப் படம் தவிர, போட்டோக்காரன் மனைவி படம் ஒன்றுகூடக் கிடையாது.

ரெண்டாம் நாளே எண்பத்தாறு வந்தது. ஐப்பசி வந்தது. ஆவுடைநாயகம் அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, மடமடவென்று அமுக்கினார். ஒரு நிச்சயதார்த்தத்துப் பரிமாறுகிறவர், ஒரு காதுகுத்து வீட்டு ஆசாரி, அடுத்தது கார்த்திகை மாதத்துக்குப் போய்விட்டது. கல்யாணி வரவில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றுகொண்டது. ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் வந்து போகிறார்கள், இவள் மட்டும் ஏன் வரவில்லை என்பது, மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசிபோல அன்றிலிருந்து அவர் கண்ணிலேயே இருந்தது.

ஏழாம் நாள் திரவியம் அண்ணாச்சி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் கேட்ட எண்பத்து நாலாம் வருஷத்துப் படத்தைக் கல்யாணி கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள்: தோளில் சாக்குக் கொக்கியும் உடம்பில் பூப்போட்ட சட்டையுமாக ஒரு ஒல்லிப் பையன். மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்துத் திரவியம்.

"அது என் சட்டைல்லா!" என்று கத்தினார் காஜா மைதீன். "ஒரு நாளைக்குன்னு வாங்கிட்டுப் போனிய அண்ணாச்சி! பெட்டி பெட்டியா தேடிருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், திரவியத்தைத் தவிர. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே ஆவுடை. அன்னைக்கு நீரு என்னைய எடுக்கலை. அப்படித்தான?"

ஆவுடைநாயகம் கேமராவைக் கீழே வைத்தார்.

"எடுக்கலை அண்ணாச்சி. வெறும் ப்ளாஷ். அன்னைக்கு நீங்க மூட்டை தூக்கிட்டிருந்திய."

திரவியம் திரைக்குக் கிட்டப் போய் அந்தப் பூப்போட்ட சட்டையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. "உண்மையச் சொல்லிட்டீருவே! நான் அந்தப் படத்துக்காக நாலு மாசம் உம்ம கடைக்கு நடந்தேன் தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஞ்சு பிரிண்டுக்குச் சொல்லிவிட்டு, படி இறங்கும்போது திரும்பி நின்றார். "சிரிச்சிட்டேன்னு நினைச்சிராதீரும். இருபத்தேழாந் தேதி என் மக நிக்க எடத்துல என் மகதான் நிக்கணும். நாதஸ்வரக்காரரு நிக்கப்படாது. முந்தின நாள் சாயங்காலம் வந்து பாப்பேன். செவுத்த எடுத்தா செவுரு வரணும். வரலைன்னா தென்காசில ஆளப் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காஜா மைதீனுக்குப் புதுச்சட்டை ஒன்று, எலுமிச்சை வாசத்தோடு, பேப்பரில் சுற்றி வந்து சேர்ந்தது.

அதன்பின் ஆவுடைநாயகம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, ரெண்டாயிரம். பிலிமாக இருந்தால் இந்தக் கடனை அடைக்கக் கடையை விற்றிருக்க வேண்டும். டிஜிட்டலாக இருக்கப்போய் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விற்றால் போதும் என்றிருந்தது. விரலுக்குக் கல்யாணி விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். இருபத்தைந்தாம் தேதி மத்தியானம், நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் அமுக்கிய பிறகு, கடைசியாக ஒரு வெறும் ப்ளாஷ், போன ஆனி மாதம் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு நின்ற ஆள், வந்து விழுந்தது. கூட்டம் கைதட்டியது. இனிச் சுவர்தான்.

அமுக்கினார். கறுப்பு. மறுபடி அமுக்கினார். கறுப்பு. அன்று இருட்டும் வரைக்கும், மறுநாள் பூராவும், கறுப்புத்தான் வந்தது. முப்பத்தொரு கறுப்பு வரும், ப்ளாஷ் கன் ஒரு இழுப்பு இழுக்கும், மறுபடி முதல் கறுப்பிலிருந்து தொடங்கும். காஜா மைதீன் புதுச்சட்டை நுனியால் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்துப் பார்த்தார். "கறுப்புக்குள்ள ஒரு வெள்ளப் புள்ளி இருக்கு அண்ணாச்சி, தூசியா?" தூசி போகவில்லை. முப்பிடாதி திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து, ஒரு முழம் கனகாம்பரத்தோடு வாசலில் வைத்தாள். மணி சாயங்காலம் அஞ்சரை. தெருமுனையில் திரவியம் அண்ணாச்சியின் கார் திரும்புவது தெரிந்தது.

கல்யாணி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது தூசியில்ல. என் மூக்குத்தி."

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்தொன்பது தீவாளி. பன்னெண்டு பொங்கலு. மீதி ஏழு பொங்கலுக்கு உங்களுக்கு வெறும் ப்ளாஷ் அடிக்கக்கூட நேரமில்ல, தை மாசக் கல்யாணம்னு ஓடிட்டிய. முப்பத்தொண்ணு சரியா வருதா?"

"கல்யாணி, உனக்கு..."

"ரோலை லோடு பண்ணுதவ நான். கழுவி வந்தா எண்ணிப் பாத்து எடுத்து வைக்கவ நான். முப்பத்தாறுல நான் எங்க இருந்தேன்? எனக்கு மொதத் தீவாளியிலயே தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை, பாஸ்போர்ட் போட்டோ எத்தனை காப்பி என்று கேட்கிற குரல்தான். "ஊர்க்காரங்க எடுத்தாச்சுன்னு நம்பி நின்னாங்க, நம்புன படம் வந்துட்டு. நான் நம்பவே இல்லியே. நம்பாத படம் எப்படி விழும்? கறுப்பாத்தான் விழும்."

"தெரிஞ்சா ஏன் வருசா வருசம் வந்து நின்ன?"

"பட்டுக் கட்டுனா ஒருத்தராவது நின்னு பாக்கணும்லா? மத்த நாள்ல நீங்க எங்க பாத்திய? அந்த ஒரு நிமிசம் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, எங்கயும் ஓடாம, என்னையே பாத்திய. எனக்கு அது போதும்னு நின்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "போதலை" என்றாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரவியம் அண்ணாச்சி படியேறினார். முப்பிடாதி அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, வாயில் விரல் வைத்தாள். மண்டிக்கே முதலாளி மறுபேச்சில்லாமல் நின்றார்.

ஆவுடைநாயகம் கேமராவை எடுத்தார். "பட்டு கட்டிட்டு வாறியா?"

"காலையில கல்யாணத்த வச்சுக்கிட்டு, இப்ப என்ன பட்டு?" நூல்சேலை முந்தானையால் கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு, பச்சைச் சுவரில் போய்ச் சாய்ந்தாள் கல்யாணி. "மொதல்ல கார்டு உள்ள இருக்கான்னு காட்டுங்க."

காட்டினார்.

"மூடியக் கழத்துங்க."

கழற்றினார்.

"இப்ப நாக்க நீட்டுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"நாக்க வெளிய நீட்டிக்கிட்டு எடுங்க. உள்ள இருந்தா அது 'டக்'குன்னு சொல்லும். உங்க கேமராவ நம்பலாம், உங்க நாக்க நம்ப முடியாது."

ஊர் பார்த்துக்கொண்டிருக்க, எழுபத்தைந்து கிலோ ஆவுடைநாயகம் நாக்கை நீட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியைப் பார்த்தார். லென்ஸுக்குள் அவள் காதோரம் நரைத்திருந்ததும், இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்ததும் தெரிந்தது. அந்தத் தழும்பு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கலாமென்றால் நாக்கு வெளியே இருந்தது. கல்யாணிக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அமுக்கினார்.

திரையில் கல்யாணி விழுந்தாள். மூக்குத்தி இருந்த இடத்தில் மூக்குத்தி, அதைச் சுற்றி அவள் முகம், முகம் நிறையச் சிரிப்பு.

"ஒண்ணு" என்றார் காஜா மைதீன்.

ரெண்டு. மூன்று. பத்தாவதில் திரவியம் அண்ணாச்சியும் எண்ண ஆரம்பித்திருந்தார். பதினெட்டாவதில் முப்பிடாதி ஓடிப்போய் வாசல் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் காலையில் வைத்திருந்த கனகாம்பரத்தில் ஒரு கண்ணி கிள்ளி வந்து கல்யாணியின் தலையில் செருகிவிட்டாள். நாக்கு வறண்டு, வாயோரம் எச்சில் வழிய, ஆவுடைநாயகம் ஒன்றைக்கூட விடவில்லை. முப்பத்தொன்றிலும் அவள் ஒவ்வொரு விதமாகச் சிரித்தாள். முப்பத்தொன்று என்று தெருவே சொன்னபோது, இழுப்பறைக்குள் பதினாறு நாளாகக் கத்திக்கொண்டிருந்த ப்ளாஷ் கன், உச்சியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, ஓய்ந்தது. ஊரில் இருந்த வயிறெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

கல்யாணி சுவரை விட்டு விலகினாள். ஆவுடைநாயகம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, முப்பத்திரண்டாவது தடவை அமுக்கினார்.

பச்சைச் சுவர். அதில் போன வருஷத்துக் காலண்டர், காலண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பல்லியின் பாதி உடம்பு.

"செவுரு வந்துட்டுவே!" என்றார் திரவியம் அண்ணாச்சி, மகளுக்கே தாலி ஏறிவிட்டதுபோல. "காலைல நாலரைக்கு முகூர்த்தக்கால் கிட்ட நில்லும்." படியிறங்கினவர் திரும்பி, "நாக்க உள்ள வச்சிட்டு வாரும்" என்றார்.

கூட்டம் கலைந்தது. காஜா மைதீன் சிலேட்டை அழித்து, வடை சூடாக உள்ளதை மறுபடி எழுதினார். ஆவுடைநாயகம் கேமரா பாட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கல்யாணி. புருவத்துல அது என்ன தழும்பு?"

"தொண்ணூத்தி மூணுல உங்க ட்ரைபாட் விழுந்தது" என்றாள் அவள். கனகாம்பரம் ஒருபக்கமாகச் சரிய, கத்தரியைத் தேடி எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகங்களை விட்ட இடத்திலிருந்து நாலு நாலாக வெட்ட ஆரம்பித்தாள்.